விடைபெறும் ஜிஇபி: ஒரு தமிழ் அம்மாவின் மதிப்பீடு

சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டத்தை இங்கே எல்லாரும் ஜிஇபி என்றுதான் சொல்வோம். 1984-ல் தொடங்கியது. இப்போதைய வடிவில் இனித் தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்துவிட்டார். என் மகள் தொடக்கநிலை 4 முதல் 6 வரை இதில் படித்தவள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

உள்ளே நுழைய, தொடக்கநிலை 3-ல் இரண்டு சுற்றுத் தேர்வு இருந்தது. முதலில் ஆங்கிலமும் கணிதமும். இரண்டாவதில் யோசிக்கும் திறனைப் பார்க்கும் பொதுத்திறனும் சேர்ந்தது. கடைசியில் அந்த வயதினரில் சுமார் 1 விழுக்காட்டினருக்கு இடம். தாய்மொழி எந்தச் சுற்றிலும் இல்லை. தாத்தாவையே விடுகதையில் மடக்குகிற பிள்ளையானாலும் அந்தத் திறமை கணக்கில் வரவில்லை.

இடம் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல். ஒன்பது பள்ளிகள் என்று பேர். அவற்றில் கத்தோலிக் ஹை, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் நான்கும் சீனமொழியை மையமாகக் கொண்ட சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். ஏசிஎஸ், பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளி. தமிழ் படிக்கும் பெண்பிள்ளைக்கு மிஞ்சியது ஹென்றி பார்க், ராஃபிள்ஸ் கேர்ள்ஸ், ரோசைத், செயின்ட் ஹில்டாஸ். அவ்வளவுதான். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

சரி, பாடம் எப்படி? மிகவும் நன்றாக இருந்தது. எழுதப்போவது தொடக்கநிலை 6 முடிவில் எல்லாரும் எழுதும் அதே பிஎஸ்எல்இ தேர்வுதான். ஆனால் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லவில்லை. ஒரு ஆய்வு வேலைக்கு என் மகள் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துப் புறாக்களை எடுத்துக்கொண்டாள். "புறாக்கள் ஏன் இங்கே வருகின்றன?" என்று தொடங்கியவளிடம் ஆசிரியை, "உன் பதில் தப்பென்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் வீட்டில் பல வாரம் புறாப் பேச்சுதான்.

ஆனால் பாடத்தைவிட எங்களுக்குப் பெரிதாகப் பட்டது கூட்டாளிகள். பழைய வகுப்பில் கணக்கைச் சீக்கிரம் முடித்தால் அதே மாதிரி இன்னொரு பயிற்சித்தாள் வரும். அதனால் மெதுவாக முடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்! இங்கே பூஜ்யம் இரட்டை எண்ணா என்று அவளோடு சண்டை போட ஒருத்தி கிடைத்தாள். அந்த வகுப்பில் என் பிள்ளை சாதாரணப் பிள்ளை. அது அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குறை என்றால், அறிவு ஓடுகிற வேகத்துக்கு மனசு ஓடாது என்பதைப் பெற்றோர் பலர் கேட்கவே தயாராக இல்லை. 62 மதிப்பெண் வாங்கிய அன்று இவள் சாப்பிடவில்லை. பள்ளி ஆலோசகர் பொறுமையாகப் பேசிச் சரிசெய்தார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ அன்றிரவு முழுக்கத் துணைப்பாட வகுப்பு பற்றிய பேச்சு. தேர்வுக்குத் தயார்செய்கிறோம் என்று வடிவப் புதிர்களைப் பிழிந்தெடுக்கும் நிலையங்களுக்கு என் மதிப்பெண் பூஜ்யம்.

ஜிஇபி-க்கு ஐந்தில் நான்கு. குறைத்த ஒன்று தமிழுக்காக.

புதிய ஏற்பாட்டில் 2027 முதல் ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் இதற்கான வகுப்புகள் இருக்கும். இன்னும் தேவைப்படுகிறவர்கள் பள்ளி முடிந்ததும் அருகிலுள்ள பள்ளிக்குப் போய்ப் படிப்பார்கள். பிள்ளை சொந்தப் பள்ளியிலேயே, தன் தமிழாசிரியரிடமே இருக்கலாம். இதை மனதார வரவேற்கிறேன். காலையில் நடக்கும் வழக்கமான வகுப்புதான் என் சந்தேகம். மதியத்துக்கு மேல் மட்டும் மூளை வேகமாக ஓடும் பிள்ளை உண்டா என்ன? பெற்றோர் சந்திப்பில், "சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பயிற்சித்தாள் என்று பதில் வந்தால் விடாமல் பேசுங்கள்.