புக்கிட் தீமா ரயில் நிலையம்: அப்பாவோடு ஒரு ஞாயிறு

சிங்கப்பூரில் 1932-இல் கட்டிய நிலையம். 2022 ஜூலையிலிருந்து மறுபடி திறந்திருக்கிறது, நுழைவு இலவசம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். நிறையப் பேர் இரும்புப் பாலத்தில் படம் எடுத்து, காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து, கைகாட்டியைக் கம்பியால் இழுக்கவும், வண்டி தடம் மாறத் தண்டவாளத்தைத் திருப்பவும் இருந்த சிக்னல் லீவர்கள் பக்கமும் போங்கள்.

நான் அப்பாவையும் மகனையும் கூட்டிப்போனேன். அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். லீவர்களைப் பார்த்ததும் கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்து நின்றார். "பாயிண்ட் லீவரை முதல்ல இழுக்கணும். தண்டவாளம் சரியாத் திரும்பலேன்னா சிக்னல் லீவர் அசையவே அசையாதும்மா." ஆள் மறந்தாலும் இரும்பு மறக்காது என்பதுபோல, ஒன்றையொன்று பூட்டிவைத்திருக்கும் அமைப்பு.

"கம்பி அறுந்துபோச்சுன்னா, தாத்தா?" என்றான் மகன்.

"கைகாட்டி தானா 'நில்'லுக்குப் போயிடும்யா."

இங்கே ஓடியது ஒற்றைத் தடம். எதிரெதிர் வண்டிகள் விலகிக்கொள்ள இந்த நிலையத்தில் இரண்டாவது தடம் இருந்தது. அடுத்த நிலையம்வரை போக ஓட்டுநர் கையில் சாவி டோக்கன், அதாவது அனுமதிக்கு அடையாளமான ஒரு சாவி, இருக்கவேண்டும். இரண்டு நிலையத்திலும் அதைப் பூட்டிவைக்கும் கருவி உண்டு. அடுத்த நிலையத்து அதிகாரி மணியடித்துச் சம்மதித்து விடுவித்தால்தான் கருவியிலிருந்து சாவி வெளியே வரும். அது மறுபடி ஏதாவது ஒரு முனையில் உள்ளே போகாதவரை இரண்டு முனையிலும் இன்னொரு சாவியை எடுக்கமுடியாது. ஒரு தடம், ஒரு சாவி, ஒரு வண்டி. அப்புறம் மோதுவது எப்படி? 2011 ஜூன் 30-இல் கடைசி வண்டி போகும்வரை இங்கே இப்படித்தான் நடந்தது.

திரும்பும்போது டவுன்டவுன் பாதை எம்ஆர்டி ரயிலின் முன்பெட்டியில் நின்றோம். ஓட்டுநர் கிடையாது. ரயில் தான் எங்கே இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முன்னால் போகும் ரயில் நகர நகர, பின்னால் வருவதற்கு அனுமதித்த எல்லையும் நகர்கிறது. தொடர்பு அறுந்தால் பிரேக் விழுந்துவிடும். 2016-இல் வட்டப் பாதை (சர்க்கிள் லைன்) எம்ஆர்டியில் ரயில்கள் அடிக்கடி தானாக நின்றது ஞாபகம் இருக்கும். பிவி46 என்ற ஒரே ரயிலின் பழுதான கருவி, அருகே வந்த மற்ற ரயில்களின் சிக்னலைக் குழப்பியதுதான் காரணம். வேலைக்குத் தாமதமானவர்கள் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆனாலும் சந்தேகம் வந்தவுடன் அந்த ரயில்கள் நின்றன. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அதே கைகாட்டிதான்" என்றார்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். சாய்ந்து உட்கார இடம் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், பேச ஆரம்பித்தால் நேரமாகும். வீட்டுக்கு வந்தபிறகும் அப்பா விடவில்லை. சணல் கயிற்றை வளையமாகக் கட்டி, ஓடும் வண்டியில் இருப்பவர் கையை நுழைத்து டோக்கனை எப்படி வாங்குவார் என்று கூடத்தில் நின்று பேரனுக்குக் காட்டினார்.