எயார் ரைபிள் வாங்குமுன் தூரத்தை அளந்து பாருங்கள்

நுவரெலியாவை அடுத்த எங்கள் கந்தப்பளைப் பக்கம் எயார் ரைபிள் (காற்றுத் துப்பாக்கி) பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பவர்?" என்றுதான். அப்பா விட்டுப்போன பழைய ரைபிள் ஒன்றும், போன வருடம் நானே வாங்கிய புதியது ஒன்றும் வீட்டில் இருப்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். மச்சானுடையதையும் கூட்டாளி ஒருவருடையதையும் வேண்டிய மட்டும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பவரை விடுங்கள். எதைச் சுடப் போகிறீர்கள், அது எவ்வளவு தூரத்தில் இருக்கும், ரைபிள் யார் கையில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எவ்வளவு செலவழிக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் தேவை இவ்வளவுதான். விதைக்கிழங்கு வைக்கும் ஸ்டோரில் எலித் தொல்லை. தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த கிழங்கில் முளை விட்ட கண்ணாகப் பார்த்துக் கொறித்துவிட்டுப் போகும், அந்தக் கிழங்கு அதற்குப் பிறகு நடவுக்கு ஆகாது. பொறி வைப்பதுதான் முதல் வேலை, பெரும்பாலான எலிகள் அதிலேயே அகப்படும். நஞ்சு வைப்பதில்லை. நஞ்சு தின்ற எலியை ஆந்தை தூக்கிக்கொண்டு போனால் ஆந்தையும் சேர்ந்து போய்விடும், அப்புறம் தோட்டம் முழுக்க எலிதான். பொறிக்குச் சிக்காத கிழட்டு எலிகளுக்கு மட்டும்தான் ரைபிள். ஸ்டோர் வாசலில் இருந்து பின்சுவர் வரை 12 மீற்றர். மூத்த மகள் பாடசாலையில் குறிபார்த்துச் சுடும் அணியில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்குப் போட்டித் தூரம் 10 மீற்றர். ஆக, எங்கள் வீட்டில் எந்தச் சன்னமும் (ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) 12 மீற்றரைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இல்லை.

இதைச் சொன்ன பிறகும் கொழும்பில் கடைக்காரர் எடுத்து வைத்தது இருப்பதிலேயே பெரிய பெட்டியைத்தான். பெட்டியின் மேல் 'வினாடிக்கு 1,200 அடி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட வேகத்தை ஈயச் சன்னம் போட்டு எடுப்பதில்லை, அதைவிட எடை குறைந்த உலோகக் கலவைச் சன்னம் போட்டு எடுக்கிறார்கள். நாம் வாங்கிப் போடும் ஈயத்துக்கு அந்த வேகம் வராது. வந்தாலும் நல்லதல்ல. ஒலியின் வேகம் ஏறக்குறைய வினாடிக்கு 1,100 அடி. அதை ஒட்டிப் போகும் சன்னம் வழியில் ஆட்டம் கண்டு குறி தவறும். துல்லியமாகச் சுடுகிறவர்கள் வேண்டுமென்றே அதைவிட நன்றாகக் குறைந்த வேகத்தில்தான் சுடுகிறார்கள். உலகப் போட்டிகளில் 10 மீற்றர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான். அதை அடிக்கிற ரைபிள்கள் எதுவும் பவருக்குப் பெயர் போனவை அல்ல.

வெலிமடையில் இருக்கும் மச்சானிடம் டயானா 34 இருக்கிறது. 1890இல் தொடங்கிய ஜெர்மன் கம்பனி, பொருள் அசல் பொருள்தான். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துச் சுடும் ரகம். எடை சுமார் மூன்றரைக் கிலோ. முழுச் சக்தி வடிவம் என்பதால் குழலை மடக்க ஏறக்குறைய 15 கிலோ அழுத்தம் வேண்டும். எனக்கு அது பெரிய விசயமில்லை. மகளோ ரைபிளின் கட்டையைத் தொடையில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். பத்துச் சன்னம் சுட்ட பிறகு அவள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கை நடுங்கினால் பயிற்சி என்ன பயிற்சி?

ஸ்பிரிங் ரைபிளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விசையை (ட்ரிகரை) அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாய, ரைபிள் பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் முடிவில் போய் நின்றதும் ரைபிள் முன்னுக்கு ஒரு வெட்டு வெட்டும். இவ்வளவும் சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். அதனால் இறுக்கிப் பிடித்தால் குறி ஒரு பக்கம், சன்னம் ஒரு பக்கம். உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்தது போலப் பிடித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடிக்கப் பழக வேண்டும். பவர் கூடக்கூட இந்தப் பழக்கம் கைவர நாள் கூடும். சாதாரண ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டினாலும் இந்த இருபக்க உதையில் அதன் உள்பாகங்கள் கழன்றுவிடும். எயார் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும், அதற்கும் தனிச் செலவு. மச்சான் வயல் வரப்பில் 25, 30 மீற்றரில் எலி சுடுகிறார், பின்னால் மண்மேடு இருக்கிறது. அந்த வேலைக்கு டயானா 34 சரியான சாமான். என் ஸ்டோருக்கு அது தேவையில்லை.

ராகலையில் இருக்கும் கூட்டாளி வாங்கியது பி.சி.பி. ரகம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு முன்கூட்டியே காற்று அடைத்து வைத்துக்கொண்டு சுடுவது. உதை கிடையாது, குழல் மடக்க வேண்டியதில்லை, அவ்வளவு இதமாக இருக்கும். காசும் இடமும் இருந்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மலையகத்துக்கு அது அப்படியே பொருந்தாது. காற்றை எங்கே போய் அடைப்பது? சுழியோடிகள் பாவிக்கும் சிலிண்டருக்குக் காற்றடிக்கிற இடமெல்லாம் ஹிக்கடுவ, திருகோணமலை என்று கடற்கரையில்தான் இருக்கிறது. இங்கே கைப்பம்ப் ஒன்றே வழி. கடைசி 50 பார் ஏற்றும்போது உடம்பின் முழுப் பாரத்தையும் கைப்பிடியில் போட வேண்டும்.

கைப்பம்பிலும் பெரிய பிரச்சினை ஈரம். நம்மூர் மூடுபனியில் நின்று பம்ப் அடித்தால் அந்த ஈரமெல்லாம் காற்றோடு சிலிண்டருக்குள் போய்த் தண்ணீராக நிற்கும். கூட்டாளியின் ரைபிள் காற்றுக் கசிய ஆரம்பித்துக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்பு நிறத்தில் துருநீர். ரப்பர் வளையமும் வெடித்திருந்தது. அது எந்தக் கம்பனி என்பதை விட்டுவிடுகிறேன், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் பம்ப் அடித்தால் எந்தக் கம்பனி ரைபிளுக்கும் இது நடக்கும். பி.சி.பி. வாங்குகிறவர்கள் ரைபிளின் விலையை மட்டும் பார்க்காமல் பம்ப், வடிகட்டி, மாற்று வளையங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வெயில் காயும் பகல் நேரத்தில் மட்டும் காற்றடியுங்கள்.

அப்பாவுடையது பி.எஸ்.ஏ. மீட்டியோர். 1959இல் வெளிவந்த மொடல், பர்மிங்ஹாம் தயாரிப்பு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த 1975 காலத்தில் ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. கட்டையில் கை படும் இடம் மட்டும் வழுவழுவென்று கறுத்திருக்கும். ஸ்பிரிங்கும் வாஷரும் மாற்றிய பிறகு இன்றைக்கும் 10 மீற்றரில் ஒரு ரூபாய்க் குற்றிக்குள் போடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று அனுமதிக் காகிதத்தோடு பரண்மேல் கிடந்தால், புதிது வாங்கப் போகுமுன் அதைச் சீர்செய்து பாருங்கள். குறைந்த செலவில் நிறைந்த பலன் அதில்தான். ஆனால் அப்பாவுடையது 5.5 மில்லிமீற்றர் சன்னம் போடுவது என்பதால் மகளின் பயிற்சிக்கு ஆகாது, போட்டிக்கு 4.5தான் வேண்டும். அதனால்தான் புதிது.

நான் வாங்கியது வைராவுக் எச்.டபிள்யூ. 30 எஸ், 4.5 மில்லிமீற்றர். இதுவும் ஜெர்மன்தான். எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பவர் 7.5 ஜூல் அளவு, கடையில் இருந்தவற்றில் மிகக் குறைந்தது இதுதான். மகள் நின்றபடியே ஒரு கையால் குழலை மடக்குகிறாள், ஒரு மணி நேரம் சுட்டாலும் களைப்பில்லை. இதில் என் மனம் போனது விசை மேல்தான். 'ரெக்கோர்ட்' என்று பெயர், இதே கம்பனியின் விலை கூடிய ரைபிள்களிலும் இதுதான் இருக்கிறது. விரலை வைத்து மெதுவாக இழுத்தால் கொஞ்சத் தூரம் வந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த இடம் விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கிருந்து ஒரு நினைப்பு அளவுக்கு அழுத்தினால் போதும், சன்னம் போய்விடும். இழுபறியே கிடையாது. குழலை மடக்கியதும் பாதுகாப்புப் பொத்தான் தானாகவே விழும், அதை அழுத்தி விடுவித்தால்தான் சுட முடியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். முன்குறியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, உள்ளே வைக்கும் குறித்துண்டை மாற்றிக்கொள்ளலாம். ஸ்கோப் நான் பூட்டவே இல்லை. 12 மீற்றருக்கு அது வேண்டாம்.

குறை என்றால் விலைதான். இதே காசுக்கு வேறு கம்பனியில் இரண்டு மடங்கு பவர் கிடைக்கும். நான் காசு கொடுத்தது விசைக்கும் குழலுக்கும். திறந்த வெளியில் 30 மீற்றரில் சுட நினைப்பவர்கள் இதை வாங்கினால் போதாமல் போகும்.

நமது உயரமும் கணக்கில் வர வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். கடற்கரையோடு பார்த்தால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் ரைபிள் தன் அறைக்குள் இருக்கும் காற்றை அழுத்தித்தான் சன்னத்தைத் தள்ளுகிறது, காற்று ஐதாக இருந்தால் தள்ளும் வேகமும் கொஞ்சம் குறையும். கொழும்பில் குறி சரிபார்த்துத் தந்தோம் என்று சொன்னாலும் வீட்டுக்கு வந்து ஒருமுறை அட்டையில் சுட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எண்ணெய் விசயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். நம்மூர்க் காலைக் குளிரில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து நிற்கிற எண்ணெய் அது, குழலுக்குள்ளும் அப்படித்தான் உறையும். தையல் மெசின் எண்ணெயைக் காற்றறைக்குள் விடுவது அதைவிட மோசம். பிஸ்டன் அழுத்தும் சூட்டில் எண்ணெய் தீப்பற்றி 'டப்' என்று வெடிச் சத்தம் கேட்கும், புகை வரும். பவர் கூடிவிட்டதென்று சந்தோசப்படுவார்கள். உள்ளே வாஷர் கருகி ஸ்பிரிங்கும் உடையப் போகிறது. வெளி உலோகத்தை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும். சன்னம் போடாமல் வெறுமனே விசையை அழுத்திப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் நேரே இரும்பில் மோதும்.

இனிக் காட்டுப் பன்றி. "அண்ணே, இதால பன்னிய அடிக்கலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அடிக்கவே கூடாது. எயார் ரைபிள் சன்னம் பன்றியின் தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவில் நின்றுவிடும். காயப்பட்ட பன்றி மறுநாள் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மேல்தான் பாயும். குரங்கும் அப்படித்தான். சாகாமல் புழு வைத்துத் துடிக்கும், அதைச் செய்ய நமக்கு என்ன உரிமை? கட்டுத்துவக்கும் (கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிப்பது) சுருக்குக் கம்பியும் வைப்பதைவிட ரைபிள் மேல் என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்த இரண்டும் யாரும் வைக்கவே கூடாதவை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. பன்றிக்கு வேலிதான் வழி, அந்தக் காசை வேலியில் போடுங்கள்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள் ரைபிள் வாங்குவதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. எயார் ரைபிள் சன்னம் சில நூறு மீற்றர் போகும், பக்கத்துக் காம்பராவோ நாலு அடி தள்ளி. தகரத்திலும் கல்லிலும் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நான் ஸ்டோரின் பின்சுவருக்கு மணல் மூட்டை அடுக்கி, அதற்கு முன்னால் தடித்த பலகை நிறுத்திய பிறகுதான் முதல் சன்னத்தைச் சுட்டேன்.

கையில் இருக்கும் காசு பத்துப் பங்கு என்றால் ஏழு பங்கை ரைபிளில் போட்டு, மூன்று பங்கைச் சன்னத்துக்கும் ரைபிள் வைக்கும் பெட்டிக்கும் ஒதுக்குங்கள். சன்னத்தில் கை இறுக்கினால் நல்ல ரைபிளும் வீண். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சன்னம் பிடிக்கும். எச்.அன்ட்.என், ஆர்.டபிள்யூ.எஸ்., ஜே.எஸ்.பி. என்று சன்னக் கம்பனி ஒவ்வொன்றிலும் ஒரு டின் வாங்கி, ரைபிளை மூட்டை மேல் சாய்த்து ஐந்தைந்தாக அட்டையில் சுட்டுப் பாருங்கள், எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள். என் குழலுக்கு ஒத்துப்போனது ஜே.எஸ்.பி.யின் உருண்டைத் தலைச் சன்னம். போட்டி அட்டைக்கு மகள் தட்டைத் தலை போடுகிறாள், அது காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளை விடும், புள்ளி எண்ண லேசு. பஸ்ஸில் கொண்டுவரும்போது டின்னுக்குள் பஞ்சு வையுங்கள், சன்னத்தின் பின்விளிம்பு நசுங்கினால் குறி போச்சு. இரும்புக் குண்டு போடவே வேண்டாம், குழலின் உள்வரிகளைத் தேய்த்துவிடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் இருப்பது ஈயம்.

காசு கொடுக்குமுன் பிரதேச செயலகத்திலும் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் அனுமதி பற்றி நேரில் கேளுங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரசீதில் தொடர் இலக்கம் எழுதியிருக்க வேண்டும். அது ரைபிளில் பொறித்திருக்கும் இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.