கொட்டானில் உட்கார்ந்த ஜிம்மி

பிள்ளையார் நோன்பு முடிந்த கையோடு சிங்கப்பூரிலிருந்து திருச்சி வழியாகக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வந்து சேர்ந்தேன். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்ததுமே ஆத்தா வளர்க்கும் பொமரேனியன் ஜிம்மி மடியில் ஏறிக்கொண்டது. காதைத் தடவிய விரலில் மிளகு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. முடியை விலக்கினால், ரத்தம் குடித்து ஊதிய உண்ணி. கால்விரல் இடுக்கில் இன்னும் நாலு.

"மழைக்காலம்னா வரத்தானேய்யா செய்யும்? வேப்பெண்ணெய் தடவிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஆத்தா.

அடுத்த நாள், பங்காளி ஒருவர் சொன்ன செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, நாய்க்குப் பிறந்தநாள் தொப்பிகூட உண்டு. போனில் இருந்த ஜிம்மியின் படத்தைப் பார்த்துவிட்டு, "சின்ன நாய்தானே சார்" என்று நெக்ஸ்கார்ட் என்ற உண்ணி மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். இதயப்புழுவுக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்."

ராத்திரி டப்பாவின் அட்டையைப் படித்தபோதுதான் உறைத்தது. உள்ளே இருப்பது அஃபாக்ஸோலனர் என்ற மருந்து மட்டும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கேட்கும், இதயப்புழுவைத் தொடாது. சிங்கப்பூரில் என் நாய்க்குக் கொடுப்பது நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா. அதில் மில்பெமைசின் என்ற புழு மருந்தும் சேர்ந்திருப்பதால் இதயப்புழுவுக்கும் ஆகும். பாதிப் பெயர் ஒன்று என்பதால் நானும் அசந்துவிட்டேன். போதாக்குறைக்கு டப்பாவில் 2 முதல் 4 கிலோ வரை என்று போட்டிருந்தது.

ஜிம்மி எத்தனை கிலோ? யாருக்கும் தெரியாது. இரண்டாங்கட்டிலிருந்து அப்பச்சி காலத்துத் தராசை இறக்கினோம். தட்டில் வைத்தால் குதித்து ஓடியது. கடைசியில் ஆத்தா பெரிய ஓலைக் கொட்டானில் துண்டை விரித்து அதில் உட்கார வைத்தாள். ராஜா மாதிரி அமர்ந்துவிட்டது. கொட்டானைக் கழித்தால் 4.6 கிலோ. தினமும் ஊட்டும் இட்லியின் புண்ணியம். பிரிக்காத டப்பாவோடு கடைக்குத் திரும்பிப் போனால், "பில் போட்டாச்சு சார், வேணும்னா ஒண்ணரையாக் குடுங்க" என்றார்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆத்தாவும் வந்தாள். முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, ஒரு சண்டைச் சேவல். டாக்டரம்மா நாயைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "ஆச்சி, இது எங்க படுக்குது?"

முகப்பில், நிலைக்கதவோரம்.

"அப்ப உண்ணியும் அங்கதான் இருக்கு. நாய் மேல வந்து ரத்தம் குடிச்சுட்டு இறங்கிரும். முட்டை போடறதெல்லாம் சுவர் இடுக்குல, ஆயிரக்கணக்கில." மாத்திரை கொடுத்தாலும் உண்ணி கடித்த பிறகுதான் சாகும், அதனால் ஊருகிறதே என்று மறுநாளே ஓடி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வலிப்பு வந்ததுண்டா என்று விசாரித்தார். நல்ல கேள்வி, இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது.

இதயப்புழு கொசுக்கடியில் வருவது. மாதாந்திர மாத்திரை, கடந்த ஒரு மாதத்தில் உள்ளே போன குட்டிப்புழுக்களைத்தான் கொல்லும். இதயத்தில் வளர்ந்து நிற்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வளர ஆறு மாதம்போல ஆகும். ஜிம்மிக்கு வயது மூன்று, இதுவரை ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. அதனால் முதலில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்லைடில் குட்டிப்புழு தெரிந்தாலும் அது இதயப்புழுவுடையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். தோலுக்கடியில் வாழும் இன்னொரு வகையும் கொசு வழியாகவே வருகிறது. இதயப்புழுவுக்கான சோதனைக் கிட் வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரை, 3.5 முதல் 7.5 கிலோ வரைக்கானது, எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு நிலை. அதில் செதுக்கிய யாளியின் வாய்க்குள் கடுகு தூவினதுபோலக் குஞ்சு உண்ணிகள். பழைய பல்துலக்கியும் வாக்குவம் கிளீனருமாக ஒரு பகல் முழுக்க அங்கேயே கழிந்தது. வளவுத் தூம்பின் கீழே மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டாவில் கொசுப்புழு நெளிந்தது, கவிழ்த்தேன். ஆத்தாவுக்கு அதில்தான் வருத்தம், தண்ணீர் வீணாகிவிட்டதாம்.

மாதாமாதம் தேதி நினைவிருக்குமா என்று கேட்டேன். "சங்கடஹர சதுர்த்திக்குச் சங்கடஹர சதுர்த்தி குடுத்துர்றேன்" என்றாள். அலாரம் வைத்துக்கொடுக்க எடுத்த போனைப் பைக்குள் போட்டேன்.

அந்தப் பழைய டப்பா பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது மூன்று கிலோ நாய் இருந்தால், டாக்டரும் சரி என்றால், ஆத்தாவிடம் வந்து வாங்கிக்கொள்ளலாம்.