இரவு பைக்கும் கிட் பேக்கும்: லீவில் வரும் பட்டாளத்துக்காரருக்கு மூன்று வருட உபயோகக் குறிப்பு

ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட், ஹெல்மெட் வைசர், ஹெட்லைட் மூன்றும் காரைக்குடி, கல்லல், கானாடுகாத்தான் பக்கத்து இரவுச் சாலைகளில் மூன்று வருடம் ஓடியபின் எப்படி இருக்கின்றன என்பதே இங்கே பேச்சு. லீவில் வருபவருக்கு இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் முதுகில் தொங்கும் கிட் பேக்தான்.

ஜாக்கெட்டின் பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் பகலுக்கும் அந்திக்கும் மட்டும். இருட்டில் வேலை செய்வது சாம்பல் நிறப் பட்டை. கிட் பேக்கை மாட்டியதும் முதுகுப் பட்டை மொத்தமும் மறைந்துவிடும். அந்தப் பையோ கண்ணில் படக்கூடாது என்றே ஆலிவ் பச்சையில் செய்தது! ஸ்டேஷனுக்கு மச்சான் வண்டி கொண்டுவந்து, வீரர் பின்னால் உட்கார்ந்தாலும் இதே கதை. யார் முதுகு கடைசியோ, அங்கே பட்டை தெரிய வேண்டும். பையின் அடிப்பாகத்தில் இரண்டு அங்குல அகலப் பட்டையைக் குறுக்கே தைத்துவிடுவது மலிவான வழி. பின்னால் வரும் வண்டியின் டிம் வெளிச்சம் தாழ்வாகத்தான் விழும், அதனால் அடிப்பாகம். கேரியரில் கட்டினால் பை தொங்கி டெயில் லைட்டை மூடுகிறதா என்று பாருங்கள்.

பிரஷ் போட்டுத் தேய்த்தால் பட்டையிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் உதிரும். இஸ்திரி கூடவே கூடாது. நம் ஊர்ச் செம்மண் தூசி படிந்தாலும் மங்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். இருட்டறையில் மாட்டி, செல்போன் டார்ச்சைக் கண்ணருகே பிடித்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வெள்ளையாகத் தெறிக்காமல் சாம்பலாகத் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மழையில் நனைந்தால் மலிவான பட்டைகள் வெகுவாக மங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் அதை நம்ப வேண்டாம்.

வைசர் நிறமில்லாததாக இருக்கட்டும். கீறல் விழுந்த வைசரில் எதிர் வண்டி வெளிச்சம் நட்சத்திரமாகச் சிதறும், அந்த நொடியில் சாலை தெரியாது. ஈசல் ஒட்டியிருந்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெடிப்பு விடும்.

ஹெட்லைட்டில்தான் பணம் வீணாகிறது. சின்ன பைக்குகளில் பெரும்பாலும் வருவது 35/35 வாட் எச்எஸ்1 பல்பு. அதன் இடத்தில், விளிம்பில் நீட்டியிருக்கும் காதை வெட்டி 60/55 வாட் எச்4 பல்பைத் திணித்தால் ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும். ரிஃப்ளெக்டருக்குப் பொருந்தாத எல்இடி பல்போ பக்கத்தில் பளிச்சென்று அடித்துத் தூரத்தை இருட்டாக்கும், எதிரே வருபவர் கண்ணையும் பறிக்கும். நல்ல பல்பும், சரியாகத் திருப்பிய லைட்டுமே போதும். இருபது கிலோ பையோடு உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே போகும். எனவே பையோடு உட்கார்ந்தபடியே, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, டிம்மின் மேல் விளிம்பு ஹெட்லைட் நடுவைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருப்புங்கள். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றினால் இன்னும் நல்லது.

60 கிமீ வேகத்தில் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 20, ஆக 45. டிம் வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் எட்டும். 50 கிமீ வேகம் என்றால் மொத்தம் 35 மீட்டர். சூடு தேடித் தாரில் படுத்திருக்கும் மாடு, பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், தைப்பூச நாட்களில் குன்றக்குடி வழியே பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம், எல்லாமே அந்த வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டில்தான் இருக்கும்.

எட்டு மாதம் வீட்டில் நின்ற வண்டி என்றால் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும் முன்பே பகலில் பார்த்துவிட வேண்டும். காற்று இறங்கியிருக்கும், டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும், ஒயரை எலி கடித்திருக்கலாம். டயர் ஓரத்தில் 3221 என்றிருந்தால் 2021இன் 32வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால் கழற்றிவிடுங்கள், அடுத்த கருவேல முள்ளுக்குக் காத்திருக்க வேண்டாம்.