‘ஒரு நாள் மட்டுமே ஓடிய’ டயர்களும் வெல்டிங்கை மறைத்த ரிம்களும்: டிராக்குக்குப் பழைய செட் வாங்குவோர் கவனத்துக்கு

சொந்தக் காரைப் பொழுதுபோக்காகப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு டிராக் நாள் மட்டும் ஓடியவை என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட நான்கு செமி-ஸ்லிக் டயர்களும் (பள்ளங்கள் குறைவாகவும் ரப்பர் மென்மையாகவும் உள்ள பந்தயத் தட டயர்கள்), அவற்றோடு வந்த நான்கு ரிம்களும் இப்போது விற்றவரிடமே திரும்பிப் போய்விட்டன. அவர் எனக்குப் பாதிப் பணத்தைத்தான் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, அதே செட் அதே வாசகங்களோடு மீண்டும் விற்பனைக்கு வந்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். ரிம் ஒன்றில் வெல்டிங் செய்து மறைக்கப்பட்ட விரிசல் இருக்கிறது என்பதால், இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார். என்னையும் சேர்த்து ஏறத்தாழ 1,200 கிலோ எடை. சாலையில் ஓடும் அதே ஸ்போர்ட்ஸ் டயர்களோடும் கார் வந்தபோது இருந்த அலாய் ரிம்களோடும் இரண்டு ஆண்டுகள் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே தடத்தில் ஓட்டியிருக்கிறேன். என் சிறந்த சுற்று நேரம் 1 நிமிடம் 41.2 விநாடி. ஓட்டும் முறையைத் திருத்தித் திருத்தி அதற்குக் கீழே இறங்க முடியாத நிலையில்தான் டயரை மாற்றலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு தவறில்லை. தரைக்கும் காருக்கும் இடையே உள்ளங்கை அகலத்தில் நான்கு ரப்பர் பரப்புகள்தான் இருக்கின்றன, எஞ்சினும் பிரேக்கும் செய்யும் வேலை எல்லாம் அவற்றின் வழியாகவே நடக்கிறது. டிராக் உதிரிகளையே தொழிலாக விற்பவர் ஒருவர், இந்தச் செட்டை மாட்டினால் சுற்றுக்கு இரண்டு விநாடி குறையும், அதில் ஒரு விநாடி டயராலும் மற்றொன்று ரிம்மின் எடைக் குறைவாலும் கிடைக்கும் என்று உறுதி சொன்னார்.

அந்த இரண்டாவது பாதியைக் கேட்ட அன்றே நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ரிம் ஒவ்வொன்றிலும் மூன்று கிலோ குறைகிறது என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 12 கிலோதான். சக்கரம் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்கிறது என்பதால், வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்த எடைக் குறைவின் பலன் ஒன்றரை மடங்கு வரை தெரியும். அப்படிப் பார்த்தாலும் 1,200 கிலோ காரில் 18 கிலோ குறைந்ததற்குச் சமம், அதாவது ஒன்றரை சதவீதம், அதுவும் சுற்றின் ஒரு பகுதியில் மட்டும். டயரின் கணக்கு வேறு. ஒரு வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிடிமானம் பத்து சதவீதம் கூடினால் வளைவு வேகம் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடும், பிரேக் பிடிக்கும் தூரமும் ஏறத்தாழ அதே பத்து சதவீத அளவில் சுருங்கும். இலேசான ரிம்மால் ஒரு முழு விநாடி கிடைக்கும் என்று எவராவது சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் அங்கேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும். நான் சோதிக்கவில்லை. ரிம்மின் வெண்கல நிறமும் ‘ஃபோர்ஜ்டு’ (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய, இலேசான ரிம்) என்ற சொல்லும் என் கண்ணை டயரிலிருந்து திருப்பிவிட்டன.

டயர்கள் ரிம்மில் பொருத்தப்பட்டே வந்தன. பள்ளங்களின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் அளவே இருந்ததைக் கண்டு கேட்டபோது, புது டயரை டிராக்குக்காகவே சீவி எடுத்ததாகச் சொன்னார். இது பாதி உண்மையைக் கொண்டு சொல்லப்படும் பொய் என்பதால்தான் எளிதில் நம்ப வைக்கிறது. உயரமான ரப்பர் கட்டிகள் வளைவின் விசையில் நெளிந்து அளவுக்கு மேல் சூடாகும். எனவே, புது டயரின் மேற்பரப்பை இயந்திரத்தில் சீவிக் குறைக்கும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. ஆனால் சீவிய டயரின் ஆழம் குறுக்கே எங்கு அளந்தாலும் சீராக இருக்கும். எனக்கு வந்த முன்சக்கர டயர்களில் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தது. கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) போதாத ஒரு காரில், வெளி விளிம்பின் மேல் சாய்ந்து சாய்ந்து நெடுநாள் ஓடிய டயரில் வரும் தேய்மானம் அது. ஆழம் அளக்கும் கருவி என் பையிலேயே இருந்தும் நான் நடுவில் மட்டும்தான் அளந்தேன்.

நகத்தால் அழுத்திப் பார்த்தபோது ரப்பர் மென்மையாக உள்வாங்கியது. கூடவே பெயின்ட் தின்னரைப் போன்ற மெல்லிய வாடை வந்தது. துடைத்துச் சுத்தம் செய்ததால் வந்த வாடை என்றார், ஏற்றுக்கொண்டேன். கெட்டிப்பட்ட ரப்பரின் மேல் தடவி மென்மையாக்கும் திரவங்கள் இருக்கின்றன என்பதும், கார்ட் பந்தயங்களில் பல இடங்களில் அவை தடை செய்யப்பட்டிருக்கின்றன என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவை மேல்தோலைத்தான் மென்மையாக்கும். டயர் சூடேறி அந்தத் தோல் தேய்ந்ததும், அடியில் இருக்கும் பழைய ரப்பர் வெளியே வந்துவிடும்.

அப்படித்தான் நடந்தது. முதல் ஓட்டத்தில் சூடேற்றும் சுற்று முடிந்த பின் ஒரே ஒரு சுற்று நன்றாக இருந்தது. மூன்றாவது சுற்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு வெளிப்பக்கமே தள்ளிக்கொண்டு போனது. நான் நன்கு அறிந்த பிரேக் புள்ளிகளில், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கியது. என் ஜி.பி.எஸ். பதிவுக் கருவியில், பழைய சாலை டயர்களோடு நீண்ட வலது வளைவில் 0.95 ஜி (புவியீர்ப்பின் 0.95 மடங்கு) வரை பதிவாகியிருந்த பக்கவாட்டு விசை, அன்று 0.88-ஐத் தாண்டவில்லை. அன்றைய சிறந்த சுற்று 1 நிமிடம் 42.9 விநாடி. வேகமாவதற்காகப் பணம் செலவழித்தவன் 1.7 விநாடி மெதுவாகியிருந்தேன்.

பக்கத்துக் கொட்டகையில் இருந்த அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் கேட்டதும் தயங்காமல் தம் டியூரோமீட்டரை எடுத்து வந்தார். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவில் காட்டும் கருவி அது, எண் கூடக் கூட ரப்பர் கடினம். ரப்பர் சூட்டில் இளகும் என்பதால் டயர் முழுவதும் ஆறும்வரை காத்திருக்கச் சொன்னார், அவருடைய அந்தப் பொறுமைக்கு நான் நன்றியுள்ளவன். அதே வகையைச் சேர்ந்த அவருடைய புது டயர் 63 காட்டியது. என்னுடையவை நான்கும் 76-க்கும் 79-க்கும் இடையே காட்டின. அதன் பிறகுதான் ஜாக்கி வைத்துத் தூக்கி, உள்பக்கச் சுவரில் விளக்கடித்துத் தேதியைப் பார்த்தோம். டயர் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். என் டயர்களில் 1117 என்று இருந்தது, அதாவது 2017-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். நான் வாங்கியது 2024-இல். ஒரே ஒரு டிராக் நாள் ஓடியவை என்று சொல்லி விற்றவை ஏழு வயதானவை. இந்த இலக்கங்கள் பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே முழுமையாக இருக்கும். இவை எந்தப் பக்கத்தையும் வெளியே வைத்துப் பொருத்தக்கூடிய வகை. நான்கிலும் தேதி உள்பக்கம் திரும்பியிருந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வயதைவிட, எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதுதான் இவ்வகை டயரின் ஆயுளைத் தின்கிறது. ஒவ்வொரு முறையும் கலவை சிறிது சிறிதாகக் கெட்டியாகிறது. பள்ளம் மீதம் இருந்தாலும் பிடிமானம் போய்விடுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கை எங்கும் அச்சிடப்படுவதில்லை, விற்பவரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். அதனாலேயே அச்சிடப்பட்டிருக்கும் தேதியை விடாமல் பார்க்க வேண்டும். அதையே மறைப்பவர் மற்றதை உண்மையாகச் சொல்ல வழியில்லை.

இனி ரிம்முக்கு வருகிறேன். அன்று முழுவதும் இடது முன்சக்கரம் மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இழந்துகொண்டே இருந்தது. வால்வில் கசிவு என்று எண்ணி நிரப்பி நிரப்பி ஓட்டியதை இப்போது நினைத்தால் உடல் நடுங்குகிறது. மறுநாள் டயரைக் கழற்றச் சொன்னேன். சோப்பு நீர் தடவியதும், ரிம்மின் உள்வளையத்தில் வால்வுத் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குமிழிகள் வந்தன. பெயின்ட்டைச் சுரண்டியபோது விரல் நீளத்துக்கு வெல்டிங் மேடும், அதன் ஓரமாகவே புதிதாக ஓடத் தொடங்கிய முடி போன்ற விரிசலும் தெரிந்தன. அலாய் ரிம்கள் வெப்பப் பதப்படுத்தலால்தான் அந்த உறுதியைப் பெறுகின்றன. வெல்டிங்கின் சூடு, பற்றவைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதத்தையே போக்கிவிடுகிறது. நேர்ப்பாதையின் முடிவில் முழு பிரேக்கையும் தாங்கும் முன்சக்கரத்தில் அப்படிப்பட்ட ரிம்மை எனக்குத் தெரியாமல் மாட்ட வைத்திருக்கிறார். டயர் இல்லாத வெறும் ரிம்மைத் தராசில் வைத்தபோது 10.4 கிலோ காட்டியது. 17 அங்குல விட்டமும் 8 அங்குல அகலமும் கொண்ட உண்மையான ஃபோர்ஜ்டு ரிம்கள் பெரும்பாலும் ஏழெட்டுக் கிலோவுக்குள் அடங்கும். இவை சாதாரண வார்ப்பு ரிம்கள். என் பழைய ரிம்களைவிட ஒவ்வொன்றும் 300 கிராம்கூடக் குறைவில்லை. எவ்வளவு எடை தாங்கும் என்ற முத்திரையோ, ஜே.டபிள்யூ.எல். போன்ற தரக் குறியோ பின்பக்கம் எங்கும் இல்லை. தடித்த பெயின்ட் மறைத்ததா, முதலிலிருந்தே இல்லையா என்று சொல்ல முடியாது.

விற்றவரிடம் படங்களோடு போனேன். “சார், நீங்கள் காற்றை அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், டயர் மேல் பழி போடாதீர்கள்” என்றார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பிட்டில் நிறுத்திய உடனே அளந்து எழுதிய குறிப்புகளைக் காட்டினேன். குளிர்ந்த நிலையில் 26 பி.எஸ்.ஐ., சூட்டில் 33, பிறகு இறக்கி 31. வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டரால் எடுத்த அளவுகளில் டயரின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சூடாகவில்லை. காற்று மிகுந்திருந்தால் நடுப்பகுதிதான் முதலில் சூடேறும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வெல்டிங்கைப் பற்றிக் கேட்டபோது, தாம் வாங்கியபோதே அப்படி இருந்திருக்கலாம் என்றார். எழுத்தில் எதுவும் வாங்காதது என் பிழை. பேச்சு நீண்டு, முழுச் செட்டையும் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் என்பதில் முடிந்தது.

அதற்கு அடுத்த மாதம், அதே வகை டயர்களைப் புதிதாக வாங்கி, தேதியை நானே படித்த பிறகு, கார் வந்தபோது இருந்த அதே பழைய ரிம்களில் மாட்டினேன். சுற்று நேரம் 1 நிமிடம் 38.3 விநாடிக்கு இறங்கியது. அதே நாளில் நண்பர் ஒருவரின் உண்மையான ஃபோர்ஜ்டு ரிம்களை, அதே வகை டயரோடு இரவல் வாங்கி ஓட்டியதில் 38.1 வந்தது. ஒரே ஓட்டத்துக்குள் என் சுற்றுகளுக்கிடையே இருக்கும் ஏற்ற இறக்கமே அந்த 0.2 விநாடியைவிட அதிகம் என்பதால், அதை முழுவதும் ரிம்மின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ரிம்களைத் திருப்பிக் கொடுத்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பணம் போனாலும் போகட்டும் என்று அந்த இடது முன் ரிம்மையாவது அறுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆகவே அடையாளங்களைச் சொல்கிறேன். வெண்கல நிறம், பத்துக் கம்பிகள், ஐந்து நட்டுத் துளைகள், 17 அங்குலம். டயர் அளவு 225/45 ஆர் 17, உள்பக்கச் சுவரில் தேதி 1117. நான்கில் ஒரு ரிம்மின் உள்வளையத்தில் நான் சுரண்டிய இடம் இருக்கும். புதிய படத்தில் ரிம்கள் மேலும் பளபளப்பாகத் தெரிவதால் அதன் மேல் மறுபடி பெயின்ட் அடித்திருக்கக்கூடும். டயரைக் கழற்றி, வால்வுத் துளையிலிருந்து ஒரு சாண் தூரத்தை விரலால் தடவிப் பாருங்கள், மேடு கையில் தட்டும். கழற்றிக் காட்ட மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.