மூன்று பழைய ஃபுட்பால் படங்கள்: அடி யாருக்கு, பேர் யாருக்கு?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். கல்லூரிகள் அதை வளர்த்தன, ஹாலிவுட் அதைப் படமாக எடுத்துத் தள்ளியது. ஜெயிக்க என்ன செலவாகிறது என்பதில் மூன்று படங்கள் மூன்று கணக்குச் சொல்கின்றன.

பேர் வாங்கியது 1940-இல் வந்த ‘நூட் ராக்னி ஆல் அமெரிக்கன்’. நோத்ர டாம் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ராக்னியாக பாட் ஓ’பிரையன். ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப்பாக ரொனால்ட் ரீகன் (ஆமாம், பின்னாளைய அதிபர்தான்). கிப் 1920-இல், 25 வயதில், நோய்த்தொற்றில் இறந்துபோனவர். 1928-இல் ஆர்மி (அமெரிக்க ராணுவ அகாடமி) அணியோடு ஆடும்போது, இடைவேளையில் அந்தச் சாவைச் சொல்லித்தான் ராக்னி பையன்களை உசுப்பேற்றுகிறார். 12-6 என ஜெயிக்கிறார்கள். காட்சி உலுக்கும், மறுக்கவில்லை. ஆனால் செத்தவனைக்கூட ஆட்டத்துக்கு இறக்குகிறார்களே என்று படத்துக்குத் துளி உறுத்தலும் இல்லை. நிஜ கிப் சூதாட்டப் பிரியர். படம் அவரைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்காரவைத்துவிட்டது.

1951-இன் ‘சாட்டர்டேஸ் ஹீரோ’ நேர் எதிர். நியூ ஜெர்சி ஆலை ஊரில் வளர்ந்த, போலந்திலிருந்து குடியேறிய வீட்டுப் பையன் (ஜான் டெரெக்) படிப்பை நம்பித் தென்மாநிலக் கல்லூரிக்குப் போகிறான். அங்கே ஒரு பணக்கார முன்னாள் மாணவர் அவனைத் தன் சொத்துபோல நடத்துகிறார். உடம்பு போனதும் மவுசும் போகிறது. சொல்வது நியாயம்தான், ஆனால் பாதி வசனம் பிரசங்கம், காதல் கதையும் இழுவை.

என் ஓட்டு இரண்டுக்கும் மூத்த ‘தி ஃப்ரெஷ்மே’னுக்கு (1925). ஊமைப்படம், அதிலும் சிரிப்புப் படம். பாய்ந்து சாய்த்துப் பழகும் பொம்மை உடைந்துபோக, கோச் அந்த இடத்தில், அணியில் சேர ஆசைப்படும் மாணவராக வரும் நாயகன் ஹெரால்ட் லாயிடையே நிறுத்துகிறார். ஒவ்வொருத்தனாக ஓடிவந்து கீழே தள்ளுகிறான். இவர் எழுந்து, அடுத்தவனுக்கும் ஆசையாக நிற்கிறார். அணியில் சேர்த்துவிட்டதாக நம்பவைத்து, தண்ணீர் தூக்கத்தான் வைத்திருக்கிறார்கள். கடைசி ஆட்டத்தில் வாய்ப்பு கிடைப்பதுகூடத் திறமையால் இல்லை. மற்றவர்கள் அடிபட்டு விழ, இறக்க வேறு ஆளே இல்லாததால். அப்புறம் அவரைத் தோளில் தூக்குவதும் அதே கூட்டம்தான். பிரசங்கம் ஒரு வரிகூடக் கிடையாது.

ஆக, முதலில் லாயிட் படம். அடுத்த நாள் ராக்னி பாருங்கள், அந்த இடைவேளைப் பேச்சு வேறு மாதிரி கேட்கும். ‘சாட்டர்டேஸ் ஹீரோ’ பொறுமை இருந்தால் மட்டும்.