கிம்ப்பில் ஏழு வருடம்: மல்லிகைப்பூவும் ஓடுகிற எறும்பும்

போன வாரம் பக்கத்து ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார். "எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் சந்தா கட்டி மாளலண்ணே. நீங்க கிம்ப்லதான கட்டிங் பண்றீங்க? நானும் மாறிடலாமா?" கிம்ப் என்பது இலவசமாகக் கிடைக்கும் போட்டோ எடிட்டிங் மென்பொருள். பத்து நிமிடம் பேசியும் பதில் முடியவில்லை. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

2018-ல் அதன் 2.10 பதிப்பு வந்த புதிதில் போட்டேன், இப்போது 3.0. வண்ணம், வெளிச்சம் சரிசெய்வதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் பிழைப்பு, படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் செலக்‌ஷனில் ஓடுகிறது. ஆளைத் தனியாக வெட்ட வேண்டும், பின்னால் வேறு நிறம் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளைச் சுவர் முன்னால் பெண் நிற்கிறாள், தலை நிறைய மல்லிகை. ஒரே மாதிரி நிறமுள்ள இடத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் ஃபஸி செலக்ட் கருவியில் சுவரைத் தொட்டால் பூச்சரமும் சுவரோடு சேர்ந்து போய்விடும். எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் திரெஷோல்டைக் குறைத்தால் பூ பிழைக்கும், ஆனால் சுவரில் நிழல் விழுந்த இடமெல்லாம் தேமல் மாதிரி மிஞ்சும். அந்த எண்ணை மாற்றி மாற்றியே மூன்று வருடம் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் கை வழுக்கி மௌஸை அழுத்தியபடியே இழுத்துவிட்டேன். வலப்பக்கமோ கீழேயோ இழுத்தால் தேர்வு விரிகிறது, எதிர்ப்பக்கம் இழுத்தால் சுருங்குகிறது! அன்றைக்கு டீ வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எரிச்சல் எதில் என்றால், அந்த எறும்பு வரிசையில். தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றி ஓடுமே ஒரு கோடு, அதுதான். ஒரு பிக்சல் பாதிக்கு மேல் தேர்வானால்தான் கோடு அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். 40 சதவீதம் தேர்வான முடி கோட்டுக்கு வெளியே பத்திரமாக இருப்பதாகத் தெரியும். டெலிட் அடித்தால் அதுவும் 40 சதவீதம் கரைந்துபோகும். தேர்வின் ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் கொடுத்துவிட்டுக் கோட்டை நம்பினால் காதோர முடி காலி.

நியாயமாகச் சொன்னால் இதற்கு மருந்தும் கிம்ப்பிலேயே இருக்கிறது. ஷிப்ட் + க்யூ அழுத்தினால் குயிக் மாஸ்க். தேர்வாகாத இடம் சிவப்பாகும், அரைகுறை இடம் வெளிர்சிவப்பாகும். வெள்ளையில் தீட்டினால் தேர்வு கூடும், கறுப்பில் தீட்டினால் குறையும். ஒவ்வொரு மல்லிகை மொட்டாகச் சின்ன பிரஷ்ஷால் மீட்டிருக்கிறேன், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. முடிந்ததும் தேர்வைச் சேமிக்கும் சேவ் டு சேனல் கொடுத்துவிட்டால், கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பில் மாதம் கழித்துத் திறந்தாலும் அந்தத் தேர்வு அப்படியே இருக்கும். வேறு எதிலும் எனக்கு இவ்வளவு நிதானம் வந்ததில்லை.

ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி கூந்தலை நன்றாகவே பிரிக்கும். ஆனால் பெரிய படம் என்றால் என் பழைய கணினி மூச்சு வாங்கும். முன்பெல்லாம் பேஸ்ட் செய்தால் மிதக்கிற செலக்‌ஷன் ஒன்று வந்து நின்று உயிரை எடுக்கும். 2025-ல் வந்த 3.0-வில் நேராகப் புது லேயராகவே, அதாவது தனி அடுக்காகவே வருகிறது. புண்ணியம்.

இவ்வளவு சொன்னவன் மாறச் சொல்வேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இன்று காலை நடந்ததையும் கேளுங்கள். பிரஷ் தீட்டவே இல்லை. நிறத்தை மாற்றினேன், லேயரைப் பார்த்தேன், மென்பொருளைத் திட்டினேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், படத்தின் மேல் மூலையில் கடுகளவு செலக்‌ஷன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த மூலை திரையிலேயே இல்லை. செலக்‌ஷனுக்கு வெளியே தீட்ட முடியாது என்பது சரிதான், அதை ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் என்ன? கண்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அடித்ததும் தீர்ந்தது. ஆல்பம் வாங்க வந்தவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதனால் தம்பி, மாற வேண்டாம். சந்தாவையே கட்டுங்கள். வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், அந்தக் குயிக் மாஸ்க்கை மட்டும் காட்டுகிறேன்.